நிலை: நலம்

பொன்மலையிலிருந்து பேசிய ஜெபராஜ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அனுசுயாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மேடம், உங்க வெப்சைட்ல என் தம்பி பிராங்க்ளினோட பக்கத்துல ‘நலம்’னு போட்டிருக்கு. அதைக் கொஞ்சம் எடுத்துடுங்க.”

“எதுக்குங்க எடுக்கணும்?”

“தம்பி இறந்துட்டான். தூதரகத்துலேர்ந்து காலைல போன் வந்துச்சு. எங்கம்மா நம்ப மாட்டேங்குறாங்க. உங்க பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு, பாருடா, நலம்னு இருக்கு பாருடாங்குறாங்க. வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டுறாங்க. அதை எடுத்துட்டீங்கன்னா...”

எடுத்துவிடுகிறேன் என்றாள் அனுசுயா. வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பது போனை வைத்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அவள் வேலைபார்த்த உதவி மையம் மலைக்கோட்டைக்குக் கீழே, சின்னக்கடை வீதியை ஒட்டிய சந்தில், ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில் இருந்தது. வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போன இந்தப் பக்கத்து ஆட்களுக்காக நடக்கும் மையம். சம்பளம் வரவில்லை, பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டான், உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆட்கள் மாடி ஏறி வருவார்கள். ஊர் ஊராக, கம்பெனி கம்பெனியாக விவரம் சேர்த்துவைக்க, பல பேர் எழுதித் திருத்தக்கூடிய ஒரு விக்கி இணையதளம் இருந்தது. ஆளுக்கொரு பக்கம். யார் வேண்டுமானாலும் தங்கள் போனிலேயே பார்க்கலாம்.

இந்த வார ஆரம்பத்தில், அங்கே ஒரு நகரத்தில் தொழிலாளர் தங்கும் கட்டடத்தில் தீப்பிடித்தது. மூன்று தளங்கள் எரிந்தன. பாலக்கரைக்காரரான முஜிபுர் ரஹ்மான் அந்த ஊரில் செல்போன் கடை வைத்திருப்பவர். மையத்துக்கு அங்கே கையும் காலும் அவர்தான். கம்பெனிக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பெயர்ப்பட்டியலை வாங்கி, கடைக்குக்கூடப் போகாமல் ஒவ்வொருவருக்கும் பக்கம் திறந்துவிட்டார். இருநூறு பேருக்கு மேல். அன்றிலிருந்து மையத்தின் போன் ஓயவில்லை. நெட் பார்க்கத் தெரியாதவர்களுக்கு அனுசுயாதான் படித்துச் சொன்னாள். “நலம்னு இருக்குங்க. கவலைப்படாதீங்க.” எதிர்முனையில் அழுவார்கள், சிரிப்பார்கள். ஒரு பெரியவர் அவளுக்குப் போனிலேயே முத்தம் கொடுத்தார். இப்படி ஒரு வேலை தனக்கு வாய்த்ததே என்றுகூட அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பிராங்க்ளினின் பக்கத்தைத் திறந்து ‘நலம்’ என்பதை அழித்தாள். அதற்கு மாற்றாகப் போடவேண்டிய சொல்லைப் போட்டாள். பிறகு ஏதோ உறுத்த, அடுத்த பக்கத்தைத் திறந்தாள். நலம். அதற்கடுத்தது, நலம். மணப்பாறை, லால்குடி, முசிறி, எல்லாரும் நலம். மூன்று தளம் எரிந்த கட்டடத்தில் ஒருவனுக்குக்கூடக் கையில் காயமில்லை. இரண்டு நாளாக இதைத்தான் படித்துக் கொண்டிருந்தோம், ஒரு தடவைகூட இது ஏன் தோன்றவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அவள் விக்கி தெரியாதவள் அல்ல. கல்லூரியில் படிக்கும்போது கலைக்களஞ்சிய விக்கியில் திருச்சிக் கோயில்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியவள். அங்கே வார்ப்புரு என்று ஒன்று உண்டு. அதில் ஒரு சொல்லை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் ஆயிரம் பக்கங்களிலும் சொல் மாறிவிடும். இங்கேயும் டெம்ப்ளேட் என்று ஒரு பக்கம் இருந்தது. திறந்தாள். பெயர் என்ற இடம் காலி. ஊர் காலி. கம்பெனி காலி. நிலை என்ற இடத்தில் மட்டும், யாரென்றே தெரியாத அந்த வெற்று மனிதன் நலமாக இருந்தான்.

அதை அழித்துச் சேமித்துவிட்டு மணப்பாறைக்காரனின் பக்கத்துக்குப் போனாள். அவன் இன்னும் நலமாகத்தான் இருந்தான்.

விக்கியைச் செய்துகொடுத்த சித்தார்த் பெங்களூரில் வேலையில் இருந்தான். மையத்துக்கு இலவசமாகச் செய்தது. அதனாலேயே அவனைத் தொந்தரவு செய்ய அவளுக்குத் தயக்கம்.

“அக்கா, மீட்டிங்ல இருக்கேன். ரெண்டு நிமிஷத்துல முடியுமா?”

“ஒருத்தர் செத்துட்டாரு தம்பி. நம்ம பக்கத்துல நலம்னு இருக்கு.”

நாற்காலி நகரும் சத்தமும் கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. “சொல்லுங்க” என்றான்.

சொன்னாள். டெம்ப்ளேட்டை மாற்றியும் எதுவும் மாறவில்லை என்பதையும் சொன்னாள்.

“மாறாதுக்கா. நீங்க எழுதுன விக்கில வார்ப்புரு பக்கத்துக்குள்ள உசிரோட இருக்கும். நம்மளோடதுல டெம்ப்ளேட் ஒரு மாதிரிப் பக்கம், அவ்வளவுதான். புதுசா ஒரு ஆளுக்குப் பக்கம் திறக்கும்போது அதை நகல் எடுத்துக்கும். எடுத்ததோட சரி. அப்புறம் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. இப்ப நீங்க மாத்தினது இனிமே திறக்கப்போற பக்கங்களுக்குத்தான்.”

“கிளாஸ்னு இன்னொண்ணு இருக்கே, தொழிலாளர்னு பேர் போட்டு? அதுல ஏதாவது பண்ணலாமா?”

“அது கேள்வி மட்டும்தான்க்கா. பேரு என்ன, ஊரு என்ன, நிலை என்னன்னு கேக்கும். கேள்வியை மாத்தினா எல்லாப் பக்கத்துலயும் மாறும். பதில் அதுல இல்ல. பதில் அவங்கவங்க பக்கத்துல ஆப்ஜெக்ட்டா, தனித்தனிப் பதிவா உக்காந்திருக்கு. ஒவ்வொருத்தருக்கும் அவரோட சொந்தப் பதில்.”

“சொந்தப் பதில்ங்குற. அதை யாரு எழுதினா?”

சித்தார்த் கொஞ்சம் யோசித்தான். “பேரையும் ஊரையும் முஜிபுர் பாய் எழுதினாரு. நிலையை... யாரும் எழுதலக்கா. நகல் எடுக்கும்போது கூடவே வந்துடுச்சு.”

“டெம்ப்ளேட்ல யாரு அதைப் போட்டது?”

“செகரட்டரி சார் போடச் சொன்னாரு. நான் காலியாத்தான் வச்சிருந்தேன்.”

“சரி. முஜிபுர் பாய் நேர்ல பாத்து, நல்லா இருக்காருன்னு உறுதி பண்ணின ஆளுங்களும் இதுல இருப்பாங்கல்ல? அவங்களை மட்டும் தனியா எடுக்க முடியாதா? பழைய பதிப்பெல்லாம் இருக்குமே.”

“அவரு எதையாவது மாத்தியிருந்தாத்தான் பதிப்பு இருக்கும். ஆளைப் பாத்துட்டு, பக்கத்தைத் திறந்து, நலம்னு சரியாத்தான் இருக்குன்னு அப்படியே மூடியிருந்தா ஒரு தடயமும் இருக்காது. பாத்த ஆளும் பாக்காத ஆளும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க.” பிறகு அவனே சொன்னான்: “ஒண்ணு செய்யலாம். இங்கேருந்தே ஒரு சின்ன புரோகிராம் ஓட்டி, நலம்னு இருக்கறதையெல்லாம் ‘தெரியவில்லை’ன்னு மாத்திடலாம். கொஞ்ச நேர வேலை. ஆனா நெஜமாவே நல்லா இருக்கறவங்களும் தெரியவில்லைன்னு ஆயிடுவாங்க. எனக்குப் பயமா இருக்கு. சார் சொல்லட்டும், செய்யறேன்.”

முஜிபுருக்குப் போட்ட அழைப்புகளை அவர் எடுக்கவில்லை. அனுசுயா செயலரைப் பார்க்க ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பும்போது அவரிடமிருந்து குரல்பதிவு ஒன்று வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்து, போனைக் காதில் அழுத்திக் கேட்டாள்.

“அனுசுயாம்மா, ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள விட மாட்டேங்குறாங்க. பாதிப் பேரை ராவோட ராவா வேற கேம்ப்புக்குக் கொண்டுட்டுப் போயிட்டாங்க. அவங்க போனெல்லாம் தீயில போயிருச்சு. நான் பாத்ததுல நல்லா இருக்குற பசங்களை அப்படியே விட்டுட்டேன்மா. ஏற்கெனவே நலம்னு இருக்கே, அதுல போய் என்னத்தை எழுதறது? பாக்காத பசங்களை, பாத்துட்டு எழுதுவோம்னு விட்டேன். இப்ப வந்து யாரு யாருன்னு கேட்டா... ஒரே மாதிரி பேரா இருக்கு, ஒரே மாதிரி மூஞ்சியா இருக்கு. அல்லா மேல ஆணையா நெனப்பு வரல. நானும் மனுஷன்தானேம்மா.”

செயலர் ரங்கசாமி வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். மையத்தை ஆரம்பித்தவரும் அவர்தான். முழங்கால் அறுவைக்குப் பிறகு படியேற முடியாமல் அம்மா மண்டபம் சாலையில் இருந்த தன் அடுக்குமாடி வீட்டிலிருந்தே காரியங்களைக் கவனித்தார். நெற்றியில் திருமண் காய்ந்திருந்தது. காலை ஸ்டூலின் மேல் நீட்டியபடி அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ஆமாம். நான்தான் போடச் சொன்னேன்” என்றார். “அந்தப் பையன் லேப்டாப்பைக் கொண்டுவந்து காமிச்சான். பேர். ஊர். அதுக்குக் கீழ நிலைன்னு போட்டு வெறும் கட்டம். கடல் தாண்டிப் போயிருக்கான் ஒருத்தன், அவன் பேருக்கு எதிர்க்க நிலைன்னு எழுதி ஒண்ணுமில்லாம விடறதாவது! அமங்கலமா இருந்தது. எங்காத்துல கடுதாசி எழுதினா முதல் வார்த்தை க்ஷேமம். எழுதறவா ஜுரத்துல படுத்திண்டிருந்தாலும் க்ஷேமம்தான். விசாரிச்சுண்டா எழுதினோம்? பெருமாள் அப்படி வைக்கணும்னு எழுதறது.”

“படிக்கறவங்களுக்கு அது பிரார்த்தனைன்னு தெரியாதே சார். விசாரிச்சு எழுதினதுன்னுதானே நெனப்பாங்க.”

“வாஸ்தவம்.” முழங்காலைத் தடவிக்கொண்டார். “அப்போ நாலு பேர் விவரம்தான் இருந்தது. கட்டடம் பத்தி எரியும்னு யார் கண்டா?”

“சித்தார்த் எல்லாத்தையும் தெரியவில்லைன்னு மாத்தித் தரேங்கறான். நீங்க சொன்னா போதும்.”

“எல்லாத்தையுமா?”

“பிரிச்சு எடுக்க வழியில்ல சார்.”

“பேசிட்டவா எத்தனை பேர் இருப்பா? ஆத்துக்கு வேற யார் போன்லேருந்தாவது கூப்பிட்டிருப்பாளே.”

“கொஞ்சம் பேர். அவங்க எங்கிட்ட வந்து சொல்ல மாட்டாங்களே. பேசிட்டா அப்புறம் எதுக்கு நம்மளைக் கூப்பிடப் போறாங்க?”

ரங்கசாமி ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே காவிரிக்குப் போகும் கூட்டத்தை ஆட்டோக்காரர்கள் அதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதம்.

“இன்னிக்கு மாத்தினா இருநூறு ஆத்துல உலை ஏறாது, அனுசுயா.”

“மாத்தாட்டி?”

சித்தார்த்தின் எண்ணைப் போட்டு அவரிடம் போனை நீட்டினாள். கையில் வாங்கினார். விரல் பச்சை வட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போனைத் திருப்பி அவள் கையிலேயே வைத்துவிட்டார்.

“நான் சொன்னேன்னு நீயே சொல்லிடு. உனக்கு எது சரின்னு படறதோ அதைப் பண்ணு.”

வாசல்வரை வந்து வழியனுப்ப எழுந்தார். முடியவில்லை. உட்கார்ந்துகொண்டார்.

காவிரிப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றது. மாத்திடு, சார் சொல்லிட்டாங்க என்று சித்தார்த்துக்குத் தட்டினாள். அழித்தாள். மறுபடியும் தட்டினாள். பொன்மலையில் வருகிறவர்களுக்கெல்லாம் போனைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு அனுப்பினாள். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது, ‘முடிஞ்சுதுக்கா’ என்று பதில் வந்திருந்தது.

மையத்தின் கதவுக்கு முன்னால் படியில் ஒரு பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று வயதுப் பெண்குழந்தை. அப்போதுதான் மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்த தலை. மஞ்சள் சேலை, கழுத்தில் வேப்பிலை மாலையின் மிச்சம், மடியில் ஒரு தூக்குவாளி.

“நீங்கதான் அனுசுயா அக்காவா? போன்ல கொரலைக் கேட்டு நல்லா குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்.” எழுந்து சிரித்தாள். “என்னா படிக்கா இது! ஏறி வர்றதுக்குள்ள நலமா இருக்கறவங்களுக்கே மூச்சு நின்னுடும். நான் வைஷ்ணவி. துறையூர் பக்கம். அறிவுமதி வீட்டுக்காரி. முந்தாநேத்து நீங்கதான் படிச்சுச் சொன்னீங்க, நலம்னு. அப்புறம் என் போன்லயே பாத்துட்டேன்.”

அனுசுயா பூட்டைத் திறக்க முடியாமல் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“தகவல் வந்த அன்னிக்கே சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்க்கா. அவருக்கு ஒண்ணும் ஆகலைன்னா பாப்பாவுக்கு முடி எறக்கறேன்னு. நலம்னு பாத்ததும் எங்க மாமனாரு ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதுன்னுட்டாரு. ஊரே வேன் வச்சுக்கிட்டு வந்திருக்கோம். பாப்பாவுக்கு இடுப்பு வரைக்கும் முடி. நான்தான் அழுதேன், இது ஒரு சொட்டு அழல. அவங்கெல்லாம் கோயில்ல பொங்க வைக்கறாங்க. உங்களுக்குக் குடுக்கணும்னு மாவிளக்கு எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன்.”

உள்ளே வந்து மின்விசிறியைப் போட்டதும் மேஜைமேல் இருந்த போன் அடிக்கத் தொடங்கியது. அனுசுயா எடுக்கவில்லை. அது ஓய்ந்து மறுபடி அடித்தது.

“எடுங்கக்கா. பாவம், யாரோ என்னைப் போல.”

“வைஷ்ணவி, உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

சொல்வதற்கு முன்பே வைஷ்ணவியின் கையிலிருந்த போனும் அடித்தது. ஊர்க்காரர் யாரோ. “என்னா மாமா? எங்க? இருங்க, பாக்கறேன்.” விரல் திரையில் ஓடியது. அனுசுயா அந்த முகத்தைப் பார்க்காமலிருக்கத் தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா.” குரல் தணிந்திருந்தது. “காலைல நலம்னு இருந்துச்சு. சமயபுரத்துல பஸ் ஏறும்போதுகூடப் பாத்தேன். இப்பத் தெரியவில்லைன்னு இருக்கு. இதுக்குள்ள அவருக்கு என்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலம்மா.”

“ஒண்ணும் ஆகலைன்னா எதுக்கு மாத்துறாங்க?”

“புதுசா எதுவும் ஆகல. அவரு எப்படி இருக்காருன்னு எங்களுக்குத் தெரியாது. அதைத்தான் இப்பப் போட்டிருக்கோம்.”

“காலைல தெரிஞ்சுதே?”

“காலைலயும் தெரியாது.”

வைஷ்ணவி அவளையே பார்த்தாள். “அப்ப நலம்னு யாரு எழுதினா?”

டெம்ப்ளேட்டை எப்படிச் சொல்வது என்று அனுசுயாவுக்குத் தெரியவில்லை. ஒரு மாதிரிப் பக்கம் இருந்தது, அதில் அந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது, ஒவ்வொருவருக்கும் பக்கம் திறக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அது ஒரு திருட்டுக்கு வக்கீல் சொல்லும் வியாக்கியானம் மாதிரி அவள் காதிலேயே விழுந்தது. வைஷ்ணவி கெட்டிக்காரி. பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.

“எல்லாருக்கும் அப்படித்தான் வந்துச்சா?”

“எல்லாருக்கும்.”

“செத்தவங்களுக்கும்?”

அனுசுயா தலையசைத்தாள்.

“அப்ப யாருமே எழுதல.”

“யாரும் எழுதல.”

“நீங்க படிச்சீங்களே! போன்ல நீங்க சொன்னீங்களே, கவலைப்படாதீங்கன்னு!”

குழந்தை பயந்து தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டது. வைஷ்ணவி அதன் தலையில் கை வைத்தாள். சந்தனம் உள்ளங்கையில் ஒட்டியது. அதைப் பார்த்தாள். மேஜைப் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

“அக்கா, ஒரே ஒரு ஒத்தாசை. அவரு பக்கத்துல மட்டும் மறுபடி நலம்னு போட்டுடுங்க. என் கண்ணுக்கு வேணாம். எனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. எங்க மாமனாரு அங்க அம்மன் முன்னாடி நின்னுக்கிட்டு இருக்காரு. ஒரு தடவை நெஞ்சுவலி வந்த ஆளு. ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போற வரைக்கும் போதும். பேப்பர்ல எழுதற வேலையாச்சும் இருக்கா? தட்டினா வந்துடும்தானே?”

தட்டினால் வந்துவிடும்தான். மாற்றும் உரிமை அவளிடம் இருந்தது. பக்கத்தையும் திறந்தாள். அறிவுமதி. ஊர், துறையூர் வட்டம். வேலை, எலக்ட்ரீசியன் உதவியாள். நிலை என்ற இடத்தில் சொடுக்கியதும் ஒரு கோடு துடிக்கத் தொடங்கியது. இரண்டு நாளாக நூறு பேருக்குக் குரல் தடுமாறாமல் சொன்ன சொல். இப்போது அதைத் தட்டுவதற்கு விரல் எழவில்லை.

“என்னால முடியல வைஷ்ணவி.”

“யாரோ தப்பாப் போட்டா அது இருக்கலாம். நான் கேட்டா முடியாது. அப்படித்தானே?”

கீழே ஜவுளிக்கடைக்காரன் ஒலிபெருக்கியில் ஆடித் தள்ளுபடியை அறிவித்துக்கொண்டிருந்தான். இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்.

வைஷ்ணவி போய்விடுவாள் என்று நினைத்தாள். போகவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அனுசுயா போனை எடுக்க ஆரம்பித்தாள். தெரியலைங்க. இல்லைங்க, ஒண்ணும் ஆகலைங்க. எங்களுக்குத் தெரியலைங்க. காலையிலயும் தெரியாதுங்க. முசிறிக்காரர் ஒருவர், “எம் மவன் நேத்து வீடியோவுல பேசினான், அவனை எதுக்குடி தெரியவில்லைங்குற?” என்று ஏசினார். அவன் பக்கத்தைத் திறந்து நலம் என்று தட்டினாள். கண்ணால் பார்த்த ஒருவர் சொல்லி அந்தச் சொல்லை அவள் எழுதுவது இதுதான் முதல் தடவை. வைஷ்ணவி அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது முஜிபுரிடமிருந்தே அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட வேண்டாம் என்று நினைத்தாள்; ஆனால் அறை சிறியது, அவர் குரல் பெரியது.

“அம்மா, ஒருத்தரைப் பிடிச்சு உள்ள போயிட்டேன். வார்டுல பேர் தெரியாம மூணு பேர் இருக்காங்க. உசிரோட. பேச முடியல, மூஞ்சி பூரா கட்டு. கீழ, அதான் அந்த ஐஸ் ரூம்லயும் ஆளுங்க இருக்காங்க. மேலயும் சரி கீழயும் சரி, ஒரே கேள்விதான் கேக்குறான். அடையாளம் என்னா? பல்லு, எலும்புல பிளேட்டு, பழைய முறிவு, அந்த மாதிரி. மச்சம் பச்சையெல்லாம் இனிமே உதவாதுங்குறான். என் போன்ல இந்தப் பக்கத்தையெல்லாம் காட்டுறேன், அதுல அடையாளமே இல்லையேம்மா!”

“நாம கேக்கவே இல்ல பாய்.”

“இப்பக் கேளுங்கம்மா. அந்தந்தப் பக்கத்துலயே எழுதிடுங்க. டாக்டர்கிட்ட நான் ஒண்ணொண்ணாக் காட்டிக்கிறேன். நூறு பேருக்கு நூறு போன் என்னால எடுக்க முடியாது.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வைஷ்ணவி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“பல்லு” என்றாள் அவளே. “கீழ்வரிசையில முன்பல்லு ஒண்ணு பாதிதான் இருக்கும். எங்க கல்யாணத்தன்னிக்கு மச்சான்மாருங்க முன்னாடி பவுசு காட்டறேன்னு சோடா மூடியைப் பல்லால தொறந்தாரு. போட்டோவுல ஒண்ணுலகூட வாயைத் தொறந்து சிரிக்க மாட்டாரு. ஊர்ல எல்லாரும் மாப்பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம்னாங்க.” சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். “இது மேல இருக்கறவங்களுக்கா, கீழ இருக்கறவங்களுக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

“எழுதுங்க.”

எழுத இடம் இல்லை. இந்தத் தடவை எங்கே கை வைக்க வேண்டும் என்று அனுசுயாவுக்குத் தெரிந்திருந்தது. டெம்ப்ளேட்டில் அல்ல. கேள்விகள் இருக்கும் இடத்தில். கிளாஸைத் திறந்து, நிலைக்குக் கீழே புதிதாக ஒன்றைச் சேர்த்தாள்: அடையாளம். சேமித்தாள். அறிவுமதியின் பக்கத்துக்குத் திரும்பியபோது அந்த இடம் தயாராக, வெறுமையாக வந்து உட்கார்ந்திருந்தது. வைஷ்ணவி சொன்னதைச் சொன்னபடியே, சோடா மூடியை மட்டும் விட்டுவிட்டு, எழுதினாள். வைஷ்ணவி எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தாள்.

“இடது பக்கம்னு போடுங்க. கீழ்வரிசை, இடது.”

போட்டாள்.

கேள்வியைச் சேர்த்தால் எல்லாப் பக்கத்திலும் வந்துவிடும் என்று சித்தார்த் காலையிலேயே சொல்லியிருந்தான். அது வேண்டும் என்றுதான் சேர்த்தாள். ஆனால் அந்த இருநூறு பக்கங்களையும் இந்த நேரத்தில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை. போன் அடித்த பிறகுதான் உறைத்தது.

“ஏங்க, நான் மண்ணச்சநல்லூர்லேர்ந்து பேசறேன்.” இளம் குரல். பின்னால் குக்கர் விசிலடித்தது. “எங்க வீட்டுக்காரர் பக்கத்தைப் பாத்துக்கிட்டே இருக்கேன். முதல்ல நலம்னு இருந்துச்சு. அப்புறம் தெரியவில்லைன்னு ஆச்சு. இப்ப அதுக்குக் கீழ அடையாளம்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு. எதிர்க்க ஒண்ணுமில்ல. அது எதுக்குங்க?”

அனுசுயா வைஷ்ணவியைப் பார்த்தாள். வைஷ்ணவி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தாள்.

“உங்க வீட்டுக்காரருக்கு” என்று ஆரம்பித்தாள் அனுசுயா. “பல்லு எப்படி இருக்கும்ங்க? கட்டின பல்லு, உடைஞ்ச பல்லு, அப்படி ஏதாவது?”

எதிர்முனையில் அந்தப் பெண் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.